ரெண்டு மிஷினுக்கும் ஒரே பங்கு

வாங்க மச்சான். அந்தச் சேர்ல வேணாம், அது உங்க தங்கச்சி உக்கார்ற சேர். இதுல உக்காருங்க. டீ சொல்ல மாட்டேன், தப்பா எடுத்துக்கிட்டாலும் பரவால்ல. கார்த்திகை மாசம் உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னேன், உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை வரல. நடையிலயே நிக்க வச்சு, 'அவ வர மாட்டேங்கிறா மாப்பிள்ளை'ன்னு சொல்லிக் கதவச் சாத்துனீங்க. மாப்பிள்ளைன்னு சொன்னீங்க பாருங்க, அதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். கூடப் பொறந்த அண்ணன், இம்புட்டு நாள் கழிச்சு, பஸ் ஏறித் திருமங்கலத்துக்குக் கடை தேடி வர்றாருன்னா வேற எதுக்கு. தங்கச்சியக் கொண்டாந்து விடணும். சரி, பேசுவோம். ஆனா மொதல்ல நான்தான் பேசுவேன். ஒரு நிமிஷம் மாப்பிள்ளை, ஒரு நிமிஷம்னு கையத் தூக்காதீங்க. உங்களுக்கு அவ சொன்னதுதான் தெரியும். நான் சொல்றதையும் கேட்டுட்டு, அப்புறம் ஒரு நிமிஷம் என்ன, ஒரு நாள் முழுக்கப் பேசுங்க.

இந்தக் கடையப் பாருங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல இப்படி ஒரு இடம் யாருக்கு அமையும். வெளிய போர்டுல என்ன போட்டிருக்கு? ஜெயக்கொடி டிஜிட்டல்ஸ். எம் பேரா போட்டேன்? பொண்டாட்டி பேரைத்தான் போட்டேன். எவன் போடுவான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கல்யாண பிளக்ஸ், காதுகுத்து, சடங்கு, எல்லாம் இங்கதான். டிசைன் அவ. மத்ததெல்லாம் நான். மத்ததுன்னா என்னன்னு கேக்கக் கூடாது. கடைன்னா ஆயிரம் இருக்கும். ஜெராக்ஸ் இருக்கு, லேமினேஷன் இருக்கு, வர்ற ஆளு போற ஆளப் பாக்கணும்.

ரெண்டு கம்ப்யூட்டர். உள்ள இருக்கிறது அவளோடது, கல்லாவுல இருக்கிறது என்னோடது. அவளோடது புதுசு. என்னோடது பழசு. அதுல நான் ஒண்ணும் குத்தம் சொல்லல. டிசைனுக்கு நல்ல மிஷின் வேணும்னா, வாங்கிக் குடுத்தேன். ஆனா ஒண்ணு மச்சான், ஒரு கடையில ரெண்டு மிஷின் இருந்து, ஒண்ணு பறக்குது, ஒண்ணு நகருதுன்னா பாக்குறவன் என்ன நினைப்பான்? வர்றவன் எல்லாம் என்னைத் தாண்டி நேரா உள்ள போறான். 'அக்காட்ட சொல்லிட்டோம் சார், அக்கா பாத்துக்கிறேன்னாங்க சார்'. அவ அக்கா, நான் சார். ஓனர் நான் மச்சான். இந்த வாசல்ல சார்னு கூப்பிட்டா ஒட்டாத வெளியாளுன்னு அர்த்தம், உங்களுக்கே தெரியும்.

சரி, அது கெடக்கட்டும். ஆயுத பூஜைக்கு வர்றேன். எல்லாம் அங்கதான் ஆரம்பிச்சது.

வருசா வருசம் மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, கீபோர்டுக்கு ஒரு முழம் பூவைச் சுத்தி, பொரி கடலை வச்சுக் கும்பிடுவோம். எல்லாக் கடையிலயும் செய்யிறதுதான். இந்த வருசம் நான் என்ன யோசிச்சேன்? அச்சாபீஸ்ல மிஷினைப் பிரிச்சு, ஒவ்வொரு பாகமும் கழுவித் தொடச்சு, ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வைக்கிறாய்ங்க. ஒர்க் ஷாப்புல ஸ்பேனர் ஸ்பேனரா எடுத்து வைக்கிறாய்ங்க. நம்ம மட்டும் பொட்டிக்கு மேல ஒரு பொட்ட வச்சுட்டு பேசாம இருக்கோமே, உள்ள இருக்கிறதுதான வேலை பாக்குது, அதுக்குல்ல பூஜை போடணும்னு. தப்பா? நீங்களே சொல்லுங்க. பக்தியில செஞ்சது.

ரெண்டு பொட்டியையும் தொறந்தேன். புளோயர் வச்சு அடிச்சேன், தூசி ஒரு மூட்டை. உள்ள ரேம்னு ஒண்ணு இருக்கும், சீப்பு மாதிரி நீளமா ஒரு அட்டை. கம்ப்யூட்டர் பாக்குற வேலையெல்லாம் அந்த நேரத்துக்கு அதுலதான் நிக்கும். கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ச்சுத் திருப்பிப் போட்டா மிஷின் சுத்தமாயிரும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அவ மிஷின்ல எட்டு ஜிபி ரெண்டு, கறுப்பா தகடு போட்டது. என் மிஷின்ல நாலு ஜிபி ரெண்டு, வெறும் பச்சை அட்டை. நாலையும் கழட்டித் தேய்ச்சு, தாம்பாளத்துல வரிசையா அடுக்கி, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் தொட்டு குங்குமம் வச்சேன். ஓரத்துலதான் வச்சேன், தங்கக் கலர் இருக்கிற பக்கம் படல. நான் என்ன கூறுகெட்டவனா.

சுண்டல் சட்டியோட உள்ள வந்தா. தாம்பாளத்தைப் பாத்தா. பாத்ததும் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. சாமி கும்பிடுற இடத்துல வர்ற மூஞ்சியா அது?

'அதை ஏங்க கழட்டுனீங்க'ன்னா. 'சரி, கறுப்பு ரெண்டும் ஜோடி. ஒரே டப்பாவுல வந்தது. கலக்காம என் மிஷின்லயே போட்டுருங்க'ன்னா.

ஜோடியாம். நாள் பாத்து நட்சத்திரம் பாத்து முடிச்சு வச்சாய்ங்களா அதுக்கு?

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. தாம்பாளத்துல நாலும் பொட்டு வச்சு வரிசையா இருக்கு. எல்லாம் சாமி முன்னால ஒண்ணுதான். அது என்ன, நல்லது ரெண்டும் அவளுக்கு, நைஞ்சது ரெண்டும் எனக்கு? கடை ஒண்ணு, வருமானம் ஒண்ணு, மிஷின்ல மட்டும் என்ன பாகுபாடு. ஒரு கறுப்பு ஒரு பச்சை அவ மிஷின்ல போட்டேன். ஒரு கறுப்பு ஒரு பச்சை என் மிஷின்ல போட்டேன். ரெண்டு மிஷினுக்கும் ஒரே பங்கு. எந்த ஊரு பஞ்சாயத்துல வேணும்னாலும் வச்சுக் கேளுங்க, இதைவிட நியாயமாப் பிரிக்க முடியாது.

'அது வேகம் வேற, இது வேகம் வேற. கம்பெனியும் வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா மக்கர் பண்ணும்'னா. நான் போட்டேன். டிக்குனு உக்காந்துச்சு. உக்காரலைன்னா சரி, ஒத்துக்கிறேன். உக்காந்துச்சுல்ல? ஆன் பண்ணேன், வந்துச்சு. அவ மிஷின்ல பன்னண்டுன்னு காட்டுச்சு, என்னோடதுலயும் பன்னண்டு. 'இப்ப என்ன சொல்ற'ன்னு கேட்டேன். சுண்டலை இலையில வச்சா, போயிட்டா. பதில் இருந்தா சொல்லிருப்பால்ல.

அதுக்கப்புறம் அவ மிஷின் நிக்க ஆரம்பிச்சது. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு ஸ்கிரீன் நீலமாயிரும். அணைச்சுப் போட்டா வரும். மறுபடி நிக்கும். ஒரு கல்யாண பிளக்ஸ் செஞ்சு சேவ் பண்ணி வச்சா, மறுநாள் தொறந்தா தொறக்கல. எம் மிஷின் நிக்கல மச்சான், அதைக் கவனிங்க. அதே கறுப்பு, அதே பச்சைதான என்னோடதுலயும் இருக்கு? நான் அதுல பில்லு போடுறேன், கிரிக்கெட் பாக்குறேன், கும்முனு ஓடுது. முன்னைக்கு இப்ப நல்லாவே ஓடுது. அப்ப ரேம் தப்புன்னா ரெண்டும்ல நிக்கணும்?

அவகிட்ட இதைச் சொன்னா, 'உங்க மிஷினுக்கு வேலை இல்லீங்க, அதான் நிக்கல'ங்கிறா. எப்படி இருக்கு பேச்சு. வேலை இல்லையாம். 'கறுப்பை எடுத்துத் திருப்பிப் போடுங்க, போடுங்க'ன்னு அதே பாட்டு. காலையில ஒரு தரம், சாப்பாட்டுக்கு நடுவுல ஒரு தரம். ஒரு நாளு நான் வெளிய போயிருந்தப்ப அவளாவே என் பொட்டியத் தொறக்கப் பாத்திருக்கா. நல்ல வேளை, ஸ்குரூ டிரைவர் எங்கிட்ட இருந்துச்சு. அன்னையில இருந்து அதைக் கல்லாவுல வச்சுப் பூட்டிட்டேன். புருசன் ஒரு வேலை செஞ்சா, அதைப் பின்னால வந்து பிரிக்கிறதுன்னா அது என்ன பழக்கம்? உங்க வீட்டுல அப்படித்தானா?

கோவிச்சுக்காதீங்க. கேட்டேன், அம்புட்டுதான்.

அப்புறம் அந்த நாளு. ரைஸ் மில் பெரியவரு தவறிட்டாரு. ஊரே திரண்டிருக்கு. மகன் வெற்றிவேலும் கூட நாலஞ்சு பேரும் காலையிலயே வந்துட்டாய்ங்க. நாலு மணிக்கு எடுக்கணும், அதுக்குள்ள ஊரு பூரா கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கணும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. நம்ம பக்கம் பொணம் தெருவுல போறப்ப சொவத்துல போஸ்டர் இல்லைன்னா, செத்தவருக்கு அது எம்புட்டு பெரிய கொறைச்சல். 'தவமணி, ஒன்ன நம்பி வந்திருக்கோம்'னான் வெற்றிவேல். எம் பேரைச் சொல்லித்தான் சொன்னான்.

அவ செய்யிறா. பாதியில நின்னுச்சு. மறுபடி போட்டா. பெரியவரு படத்தை ஏத்துனா, மூஞ்சியில குறுக்க குறுக்க பச்சைக் கோடு. பெத்த அப்பன் மூஞ்சியில கோடு விழுந்தா எவன் பொறுப்பான்? மறுபடி முதல்ல இருந்து. முடியப் போற நேரத்துல நீலம். பைல் தொறக்கல. பின்னால நிக்கிறவய்ங்க கத்த ஆரம்பிச்சுட்டாய்ங்க. அவ திரும்பி என்னைப் பாத்து, அத்தனை பேரு முன்னால, 'இப்பயாவது அந்தக் கறுப்பை எடுத்துக் குடுங்க, ரெண்டு நிமிஷம்தான் ஆகும்'னா.

அத்தனை பேரு முன்னால மச்சான். என்னவோ நான் அவ பொருளைக் களவாண்டு வச்சிருக்க மாதிரி.

எனக்கு அப்ப மண்டையில ஒண்ணு உறைச்சது. அதே பங்கு, அதே பூஜை, எம் மிஷின் நிக்கல, அவ மிஷின்தான் நிக்குது. பூஜையில எதோ கொறை. தீட்டு பட்டிருக்கு. என்னால படலன்னா யாரால பட்டது? நான் கேட்டேன். 'பூஜை அன்னைக்கு நீ சுத்தமா இருந்தியா, இல்ல வீட்டுக்குத் தூரமா இருந்துக்கிட்டே வந்து தொட்டியா'ன்னு கேட்டேன்.

கேட்டேன், ஆமா. புருசன் கேக்காம யாரு கேப்பா. கத்தல, அடிக்கல. அமைதியாத்தான் கேட்டேன். வேணும்னா வெற்றிவேலக் கேளுங்க.

அம்புட்டுப் பேரும் தரையப் பாக்குறாய்ங்க. ஜெராக்ஸ் மிஷின் பக்கத்துல நம்ம இலக்கியா ஸ்டூல்ல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டிருந்துச்சு, சனிக்கிழமை, லீவு. அது பாட்டுக்கு எழுதிக்கிட்டு இருந்துச்சு. ஏழாவது படிக்கிற பிள்ளை, அதுக்கு என்ன தெரியும். அவ எந்திரிச்சா. மானிட்டரை அணைச்சா. பைய எடுத்தா. பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டா. அப்ப அதுக்கு என்ன அர்த்தம்? இல்லைன்னா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதான? ஒரு வார்த்தைதான?

போஸ்டர் அடிக்கல. வெற்றிவேல் வேற கடைக்கு ஓடி, அது வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டாய்ங்க. இன்னைக்கு வரைக்கும் என்னைப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்கிறான். இந்தக் கேவலம் யாரால?

இன்னும் கேளுங்க. மறுநாளு சர்வீஸ் பாக்குற இன்பராஜ வரச் சொன்னேன். அவன் ரெண்டு பொட்டியையும் தொறந்து பாத்தான், சிரிச்சான். சிரிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு தெரியல. கறுப்பு ரெண்டையும் அவ மிஷின்ல போட்டான், பச்சை ரெண்டையும் என்னோடதுல போட்டான். எதையோ டெஸ்டுன்னு ஓட விட்டுப் பாத்துட்டுப் போனான். அன்னைக்குச் சாயங்காலமே நான் ஒரு பூசணிக்காய வாங்கி, உள்ள குங்குமம் போட்டு, மூணு சுத்துச் சுத்தி வாசல்ல ஒடைச்சேன். கோமியம் தெளிச்சேன். மறுநாளு காலையில போடுறேன், மிஷின் கல்லு மாதிரி ஓடுது. அன்னையில இருந்து ஒரு நாளு நின்னதில்ல. இதுக்கு என்ன சொல்றீங்க? நான் கேட்டது தப்புன்னா பூசணிக்காய் எப்படி வேலை செஞ்சது? இன்பராஜ் போட்டதுதான் காரணம்னு சொல்லுவா அவ. சொல்லட்டும். ஒடைச்சதுக்கு அப்புறம்தான ஓடுச்சு.

ஆனா உக்காந்து செய்ய ஆளு இல்ல. ஒருத்தன வச்சேன், ஒரு வாரத்துல ஓடிட்டான். இன்னொருத்தி வந்தா, ரெண்டு நாளு. பிளக்ஸ் ஆர்டரெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போகுது. வர்றவன் எட்டிப் பாத்து, 'அக்கா இல்லையா சார்'னு கேட்டுட்டுப் போறான். மூணு வேளையும் ஓட்டல் சோறு, வயித்தெரிச்சல். ராத்திரி வீட்டத் தொறந்தா ஒரு சத்தம் இல்ல. எனக்குக் கோவமாத்தான் வருது. வேற என்ன வரும்?

அதனால வரட்டும். நான் வேணாம்னு சொல்லல. எனக்கு ஒண்ணும் கல்லு மனசு இல்ல. ஆனா வர்றவ முதல்ல கடைக்கு வரணும், வீட்டுக்கு இல்ல. வெற்றிவேலக் கூப்பிட்டு வச்சு, அவன் முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லணும். ஆயுத பூஜைக்கு இனிமே கடைப்படி மிதிக்கக் கூடாது. புருசன் எதை எதுல போட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. இம்புட்டுதான். இதுக்குச் சரின்னா இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. நானும் பழசப் பேச மாட்டேன். மன்னிச்சுட்டேன்னே வச்சுக்கிடுங்க.

இப்பச் சொல்லுங்க. அந்த ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்னீங்களே, என்ன அது?

என்னது?

திருப்பிச் சொல்லுங்க. சமாதானம் பேச வரலையா? பின்ன எதுக்கு இம்புட்டு நேரம் உக்காந்து கேட்டீங்க? சரி, நான்தான் பேச விடல. இப்ப விடுறேன்.

ரேசன் கார்டா.

ஓகோ. அவ பேரை எங்க கார்டுல இருந்து நீக்கணும், அவளுக்குத் தனிக் கார்டு வாங்கணும். வேலை கிடைச்சிருச்சா? விருதுநகர்லயா, அச்சாபீஸ்லயா? வீடும் பாத்தாச்சா? எல்லாம் முடிச்சுட்டுத்தான் வந்திருக்கீங்க. ஓடிபி எம் போனுக்குத்தான் வரும், ஆமா, குடும்பத் தலைவர் நான்தான, எம் நம்பர்தான். அவளுக்கு ஒரு போன் பண்ணிக் கேக்க வாய் இல்ல. அந்த நம்பரை வாங்கிட்டுப் போகத்தான் அண்ணன் இம்புட்டுத் தூரம் வந்திருக்காரு.

போடச் சொல்லுங்க. இப்பவே ஆன்லைன்ல மனுவைப் போடச் சொல்லுங்க. தவமணி கெஞ்சுவான்னு நினைச்சீங்களா?

வந்திருச்சு. சொல்றேன், சொல்லிக்கிடுங்க. எட்டு, ஒண்ணு, ஏழு, ஏழு, மூணு, ஆறு. ஆச்சா? அவ பேரு போச்சா? ரொம்ப சந்தோசம். கெளம்புங்க.

இருங்க. இன்னொண்ணு வந்திருக்கு. இது யாருக்கு?

பிள்ளைக்கா.

நடக்காது மச்சான். அவளை எடுத்துக்கிடுங்க, போகட்டும். இலக்கியா பேரு இந்தக் கார்டுலதான் இருக்கும். அது எம் பிள்ளை. எம் பேருதான் அது பேருக்கு முன்னால இருக்கு. பிள்ளைய வரச் சொல்லுங்க, 'அப்பா, எம் பேரை எடுத்துருங்க'ன்னு அது வாயால எங்கிட்ட சொல்லட்டும், நான் இந்த நிமிசமே நம்பரத் தர்றேன். வர மாட்டேங்குதா? போன்லயாவது பேசச் சொல்லுங்க. அதுவும் மாட்டேங்குதா? அவ சொல்லிக் குடுத்திருப்பா. இல்லைங்கிறீங்க. பின்ன என்ன? ஏன் தலையக் குனியிறீங்க?

எப்போ?

தை பொறந்து மறுவாரமா. பிள்ளை பெரிய மனுசியாயி மூணு வாரம் ஆச்சு. பெத்த அப்பனுக்கு இப்பச் சொல்றீங்க, அதுவும் நான் கேட்டதுக்கு அப்புறம். ஊரு பிள்ளைக எல்லாத்துக்கும் சடங்கு பிளக்ஸ் அடிக்கிறவன் நான். நீங்க தாய்மாமன், குச்சு கட்டுனீங்களா? சீர் வச்சீங்களா? தண்ணி ஊத்தவே இல்லையா? ஏன்? பிள்ளையே வேணாம்னுருச்சா? யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அழுதுச்சா?

ஊருக்குச் சொல்லல, சரி. எனக்கு ஏன் சொல்லல? அதுவும் பிள்ளைதான் சொன்னுச்சா? என்ன சொன்னுச்சு? முழுங்காதீங்க. அது சொன்னத அப்படியே சொல்லுங்க.

'அப்பாவுக்குச் சொல்லாதீங்க மாமா. அடுத்து எந்த மிஷின் நின்னாலும், கடையில எல்லாரும் இருக்கிறப்ப என்னையும் கேப்பாரு.'

அப்படியா சொன்னுச்சு?

பிள்ளையவா கேட்டேன் நான்? அது அம்மாவைத்தான மச்சான் கேட்டேன்.